கிளையும் இணைப்பும்: மென்பொருட் பதிப்பு முகாமையின் வரலாறு — ஒரு நோக்கு

பலர் கூடி ஒரு பனுவலை ஆக்குமிடத்து அப்பனுவல் ஒன்றாக நிற்பதில்லை. ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்து பதிப்பித்தோர் பாடபேதம் என வழங்கிய சிக்கல் இதன் ஒரு வடிவமே. ஒரு மூலத்தினின்று பெயர்த்தெழுதப்பட்ட பிரதிகள் கைதோறும் வேறுபட்டுச் சென்றன. பின்வந்த பதிப்பாசிரியர் அவற்றை ஒப்புநோக்கி ஒரு பாடத்தைத் துணிந்து, ஏனையவற்றை அடிக்குறிப்பில் இட்டனர். கணனிச் செய்நிரல்களின் வரலாற்றிலும் இத்தகையதொரு பிரச்சினை அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்து வருகின்றது. ஆயின் இரண்டிற்குமிடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. சுவடியின் கிளைப்பு பெரும்பாலும் தற்செயலாக நேர்ந்தது. செய்நிரலின் கிளைப்போ வேண்டுமென்றே செய்யப்படுவது. மேலும், சுவடிப் பதிப்பாசிரியர் ஐயத்திற்கிடமான பாடத்தை அடிக்குறிப்பில் விட்டுவைக்கலாம். பொறியோ அடிக்குறிப்பை வாசிப்பதில்லை. ஓரிடத்தில் ஒரு பாடமே நிற்றல் வேண்டும்.

கிளைப்பு ஏன் வேண்டப்படுகின்றது என்பதை முதற்கண் நோக்குதல் தகும். ஒரு மென்பொருளின் முதலாம் பதிப்பு பாவனையாளர் கைக்குச் சென்றுவிட்டது எனக் கொள்வோமாயின், அதனை ஆக்கியோர் இரண்டாம் பதிப்பிற்கான வேலையைத் தொடங்கி மூலநிரலைப் பல இடங்களிற் கலைத்துப் போட்டிருப்பர். அவ்வேளை முதலாம் பதிப்பிற் பாரதூரமான பிழையொன்று வெளிப்படுகின்றது. அரைகுறையாக நிற்கும் இரண்டாம் பதிப்பைப் பாவனையாளருக்கு அனுப்ப இயலாது. முதலாம் பதிப்பை அது வெளியான நிலையிலேயே மீட்டெடுத்துத் திருத்தி அனுப்ப வேண்டும். அத்திருத்தம் இரண்டாம் பதிப்பிலும் இடம்பெறாவிடின் அதே பிழை மீண்டும் தலைகாட்டும். இவ்வாறு இரு வழிகள் ஒருங்கே நடைபெறுவதே கிளைப்பு. ஒன்றிற் செய்ததை மற்றொன்றிற் சேர்ப்பதே இணைப்பு. பிரிப்பது எளிது, சேர்ப்பது அரிது என்பதை இத்துறையின் வரலாறு முழுவதும் காணலாம்.

இவ்வரலாற்றைக் கருவிகளின் படிப்படியான வளர்ச்சியாக மட்டும் எடுத்துரைப்பதே பொதுவழக்கு. அது பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. ஒவ்வொரு கருவியும் தான் தோன்றிய பணிக்களத்தின் உறவுமுறைகளைத் தன்னகத்தே தாங்கி நிற்கின்றது. யார் எழுதலாம், யாருடைய எழுத்து ஏற்கப்படும், யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற வினாக்களுக்கு அக்கருவி முன்கூட்டியே ஒரு விடையை வகுத்துவிடுகின்றது.

1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய மார்க் றொச்கைன்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட அமைப்பை உருவாக்கினார். முதலில் ஐ.பி.எம். பெருங்கணனியில் இயங்கிய அது, பின்னர் யூனிக்ஸ் இயங்குதளத்திற்கென மீள எழுதப்பட்டது. இதுபற்றிய அவரது ஆய்வுக்கட்டுரை 1975இல் வெளிவந்தது. கோப்பு ஒன்றின் ஒவ்வொரு பதிப்பையும் முழுமையாகச் சேமிக்காது, பதிப்புகளுக்கிடையேயான வேறுபாடுகளை மட்டும் சேமிப்பது அதன் அடிப்படை உத்தியாகும். சேமிப்பிடம் பெரும் விலைபெற்ற அக்காலத்தில் இது சிறிய காரியமன்று. எனினும் வரலாற்று நோக்கில் முதன்மை பெறுவது வேறொன்று. ஒவ்வொரு மாற்றத்தோடும் அதனைச் செய்தவர் யார், எப்பொழுது, எதன்பொருட்டு என்ற குறிப்பு பிணைக்கப்பட்டது. செய்நிரல் அன்றுதொட்டுத் தன் வரலாற்றைத் தானே கூறுவதாயிற்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வோல்டர் டிச்சி ஆர்.சி.எஸ். என்னும் அமைப்பை ஆக்கினார். அண்மைப் பதிப்பை முழுதாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பழையவற்றைப் பின்னோக்கிச் சென்று மீட்பதே அதன் புதுமை. பெரும்பாலும் வேண்டப்படுவது அண்மைப் பதிப்பே ஆதலால் இது வேகத்தைத் தந்தது. 1.1, 1.2 எனச் செல்லும் அடிமரத்தினின்று 1.2.1.1 எனக் கிளையொன்று புறப்படும் எண்முறையும் அதில் இருந்தது. ஆயினும் இவ்விரு அமைப்புகளும் பூட்டு என்னும் ஒரே கோட்பாட்டின் மீது நின்றன. கோப்பைத் திருத்த விரும்புபவர் அதனைப் பூட்டி எடுத்துச்செல்வார். அவர் திருப்பித் தரும்வரை அவ்வழியிற் பிறர் எழுத இயலாது. ஒரே அலுவலகத்தில், ஒரே நேரத்தில் வந்து போவோருக்கு இது பொருந்தும். பூட்டியவர் கோப்பை விடுவிக்காது விடுமுறையிற் சென்றுவிட்டால் ஏனையோர் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

பூட்டுக் கோட்பாடு உடைந்த இடம் ஒரு பல்கலைக்கழகம் என்பது மாணவர் கருத்திற் கொள்ளத்தக்கது. ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரிலுள்ள விரையே பல்கலைக்கழகத்தில் டிக் கிறூன் என்னும் ஆசிரியர் தம் மாணவர் இருவருடன் சேர்ந்து மொழிமாற்றி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். வேலை 1984 யூலை தொடக்கம் 1985 ஓகஸ்ட் வரை நடந்தது. மாணவர்களில் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு வந்து மாலை ஐந்து மணிக்குச் செல்பவர். மற்றவருக்கு நேரகாலம் இல்லை. ஆசிரியருக்கோ மாலை வேளைகளில் மட்டுமே ஓய்வு கிடைத்தது. மூவரும் ஒருவரையொருவர் காத்திருப்பதாயின் வேலை ஒருநாளும் முடிவுறாது. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் பிரதியிற் சுயேச்சையாக எழுதி, பின்னர் தாமாகவே பொதுக் களஞ்சியத்திற் சேர்க்கத்தக்க சில கட்டளைத் தொகுப்புகளைக் கிறூன் ஆர்.சி.எஸ். அமைப்பின் மீது எழுதினார். 1986இல் அவை பொதுப் பாவனைக்கு வெளியிடப்பட்டன. சி.வி.எஸ். என உலகெங்கும் அறியப்பட்ட அமைப்பின் தோற்றம் இதுவே. ஆசிரியரும் மாணவரும் ஒரே மூலநிரலில், ஒருவர் மற்றவரிடம் அனுமதி பெறாது எழுதிய நிலைமையே இதன் கருவாக அமைந்தது என்பதை மறத்தல் ஆகாது.

1989இல் பிறையன் பேர்லினர் இதனைச் சி மொழியில் மீள எழுதினார். அவர் பணியாற்றிய நிறுவனம் சண் நிறுவனத்தின் இயங்குதள மூலநிரலைப் பெற்றுத் தன் தேவைக்கேற்ப மாற்றி வந்தது. சண் நிறுவனம் புதிய பதிப்பை வெளியிடுந்தோறும் தம் மாற்றங்களை அதனுடன் மீளச் சேர்க்க வேண்டிய தொல்லை அவர்களுக்கு இருந்தது. இதனால், பிறரிடமிருந்து வருவனவற்றைத் தனிக்கிளையில் வைத்து அதனைத் தம் அடிமரத்துடன் இணைக்கும் வசதி சி.வி.எஸ்.இற் புகுத்தப்பட்டது.

இணைப்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சற்று விரித்துரைத்தல் அவசியமாகின்றது. இரு கிளைகளின் இறுதி வடிவங்களை மட்டும் ஒப்பிட்டால் அவை எங்கு வேறுபடுகின்றன என்று தெரியுமேயன்றி, எவர் மாற்றினார் என்று தெரியாது. ஒரு கிளையில் உள்ள வரி மற்றதில் இல்லையெனின், முதற்கிளையார் சேர்த்தாரா அல்லது இரண்டாங் கிளையார் நீக்கினாரா? இதனைத் துணிவதற்கு மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும். இரு கிளைகளும் பிரிவதற்கு முன் நின்ற பொது மூதாதையே அச்சாட்சி. மூதாதையில் அவ்வரி இருந்ததாயின் அது நீக்கப்பட்டது. இருந்திலதாயின் அது சேர்க்கப்பட்டது. ஒரு பக்கத்தில் மட்டும் மாறியவற்றைக் கருவி தானே ஏற்றுக்கொள்ளும். ஒரேயிடத்தை இருவரும் வெவ்வேறு வகையாக மாற்றியிருப்பின் அது முரண் எனப்படும். மனிதரே அதனைத் தீர்க்க வேண்டும்.

முரண் எதுவும் காட்டப்படாத இணைப்பு சரியான இணைப்பு எனக் கொள்வதும் தவறாகும். ஒரு கிளையிற் செயற்கூறு ஒன்றின் பெயர் மாற்றப்படுகின்றது. மற்றைக் கிளையில் வேறொரு கோப்பில் அப்பழைய பெயரை அழைக்கும் புதிய வரியொன்று எழுதப்படுகின்றது. இரண்டும் வெவ்வேறு இடங்கள் ஆதலால் கருவி யாதொரு தடையுமின்றி இணைத்துவிடும். இணைந்த செய்நிரலோ இயங்காது. எழுத்தளவில் ஒத்துப்போவது வேறு, பொருளளவில் ஒத்துப்போவது வேறு. கிளைகள் எவ்வளவு காலம் பிரிந்து நிற்கின்றனவோ அவ்வளவிற்கு இத்தகைய மறைமுரண்கள் பெருகும்.

சி.வி.எஸ்.இன் பெருங்குறை, தான் செய்த இணைப்புகளை அது நினைவில் வைத்திராமையாகும். ஒரு கிளையை இன்று இணைத்து, ஒரு மாதத்தின் பின் மீண்டும் இணைத்தால், முன்னர் சேர்த்தவற்றையே அது மறுபடியும் சேர்க்க முற்படும். செய்நிரலர் எதுவரை இணைத்தோம் என்பதைத் தாமே அடையாளமிட்டுக் காத்தனர். இதன் இடத்தை நிரப்புவதற்கென 2000ஆம் ஆண்டில் தொடங்கி 2004 பெப்ரவரியில் முதற்பதிப்புக் கண்ட சப்வேர்ஷன், பல கோப்புகளின் மாற்றங்களை ஒரே பதிவாக ஏற்று வேறு பல குறைகளை நீக்கியதாயினும், இணைப்புகளைத் தானே குறித்து வைக்கும் ஆற்றலை 2008இல் வெளிவந்த 1.5ஆம் பதிப்பிலேயே பெற்றது.

கருவிகளுக்கு வெளியே, அமைப்புகளிடையேயும் கிளைப்பு நிகழ்ந்தது. றிச்சார்ட் ஸ்டோல்மன் தொடங்கிய ஜி.சி.சி. மொழிமாற்றியின் வளர்ச்சி மிக மெதுவாக நடைபெறுகின்றது என அதிருப்தியுற்றோர் 1997இல் ஈ.ஜி.சி.எஸ். என்ற பெயரில் தனிக்கிளை அமைத்தனர். புதிய மாற்றங்களை விரைந்து ஏற்ற அக்கிளை செழித்தது. 1999 ஏப்பிரலில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அக்கிளையையே உத்தியோகபூர்வ ஜி.சி.சி. ஆக ஏற்றுக்கொண்டது. அடிமரம் பட்டு, கிளை மரமான விந்தை இது. ஆனால் இதனைப் பொதுவிதியாகக் கொள்ளல் பொருந்தாது. பிரிந்த கிளைகள் பல பிரிந்தபடியே நின்றுவிட்டன என்பதற்கு பி.எஸ்.டி. இயங்குதளங்களின் வரலாறு சான்று பகரும்.

1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவின் வரலாற்றிலேயே கிளைப் பிரச்சினை அதன் உச்சத்தை அடைந்தது எனலாம். நெடுங்காலம் அவர் பதிப்பு முகாமைக் கருவி எதனையும் கையாளவில்லை. உலகின் பல பாகங்களிலிருந்தும் திருத்தங்கள் மின்னஞ்சல் மூலம் வந்து சேர்ந்தன. அவர் ஏற்பவற்றை ஏற்றார், ஏனையவை மறுமொழியின்றிக் கிடந்தன. 1998இல் இது பெரும் மனக்கசப்பாக வெளிப்பட்டது. ஒரு தனிமனிதர் எல்லாக் கிளைகளும் வந்து கூடும் ஒரே வாயிலாக இருக்க இயலாது என்பது அப்பொழுதே தெளிவாயிற்று.

வெளியீட்டு முறையும் இடரை மிகுவித்தது. இரட்டை எண் பெற்றவை நிலையான பதிப்புகள். ஒற்றை எண் பெற்றவை பரிசோதனைப் பதிப்புகள். 2.4 பதிப்பு 2001 சனவரியில் வெளிவந்தது, 2.5 என்னும் பரிசோதனைக் கிளை முதிர்ந்து 2.6 ஆக வெளிவந்தது 2003 டிசெம்பரிலேயே. இடைப்பட்ட ஏறக்குறைய மூன்றாண்டுகளில் வன்பொருட்கள் மாறின, பாவனையாளர் காத்திருக்கவில்லை. லினக்ஸை விநியோகித்த நிறுவனங்கள் பரிசோதனைக் கிளையிலிருந்து வேண்டியவற்றைப் பறித்துத் தத்தம் நிலையான பதிப்புகளில் ஒட்டிக்கொண்டன. விளைவாக, ஒரே பெயரில் பல லினக்ஸ்கள் உலவின. 2.6இன் பின்னர் இம்முறை கைவிடப்பட்டு, ஏறத்தாழ இரு வாரங்கள் புதியனவற்றை ஏற்று, பின்னர் சில வாரங்கள் பிழைதிருத்தி வெளியிடும் குறுஞ்சுற்று முறை நிலைபெற்றது.

இதனிடையே, 2002 பெப்ரவரியில் தோர்வால்ட்ஸ் பிற்கீப்பர் என்னும் கருவியைக் கையாளத் தொடங்கினார். லறி மக்வோய் என்பவரின் நிறுவனத்துக்குரிய தனியுடைமைக் கருவி அது. ஒவ்வொருவரும் முழுக் களஞ்சியத்தையும் தம்வசம் வைத்திருந்து, கிளைகளைப் பரிமாறிக்கொள்ள அது வழிசெய்தது. கட்டற்ற மென்பொருள் ஆக்குவோருக்கு அது இலவசமாகவே அளிக்கப்பட்டது. ஆயின் அவ்வாறு பயன்படுத்துவோர் அதற்குப் போட்டியான கருவிகளை ஆக்குவதில் ஈடுபடலாகாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. பொதுவுடைமையான ஓர் ஆக்கம், தனியுடைமையான ஒரு பேரேட்டிற் பதியப்படுவதன் முரணைப் பலர் அன்றே சுட்டிக்காட்டினர். தோர்வால்ட்ஸோ சிறந்த கருவியே வேண்டும் என்ற நிலைப்பாட்டில் நின்றார். அவரது வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை: கருவி மாறிய பின் அவரது வேலை விரைவுற்றமை பலரும் ஒப்புக்கொண்ட உண்மை. எனினும் எதிர்த்தவர் அஞ்சியதே ஈற்றில் நிகழ்ந்தது.

அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த அன்ட்ரூ ட்றிட்ஜெல், பிற்கீப்பர் களஞ்சியங்களிலிருந்து வரலாற்றுத் தரவுகளைப் பெறத்தக்க செய்நிரலொன்றை எழுத முற்பட்டார். அதன் தொடர்புமுறையைத் தாம் அறிந்துகொண்ட விதத்தை 2005 ஏப்பிரலிற் கன்பராவில் நடந்த மாநாட்டில் அவர் எல்லோர் முன்னிலையிலும் காட்டினார்: வழங்கிக் கணனியுடன் தொடர்புகொண்டு, உதவி கோரும் கட்டளையைத் தட்டச்சுச் செய்தார், அது தான் அறிந்த கட்டளைகளை எல்லாம் தானே வரிசைப்படுத்தியது. நிறுவனம் இதனை உடன்பாட்டின் மீறலாகக் கருதி இலவசப் பதிப்பை நிறுத்தியது. உலகெங்கும் பரந்த ஒரு கூட்டுழைப்பு ஒரே நாளிற் கருவியற்று நின்றது. தோர்வால்ட்ஸ் அவ்வேளை ட்றிட்ஜெல்லைப் பகிரங்கமாகக் குறைகூறினார். இன்று நோக்குமிடத்து அக்குறை உரியவரைச் சென்றடைந்ததாகத் தோன்றவில்லை. பிற்கீப்பரின் மூலநிரல் 2016இற் பொதுவில் விடப்பட்டது. அதற்குள் அதனை நாடுவோர் அருகிவிட்டனர்.

2005 ஏப்பிரல் 3ஆம் நாள் தோர்வால்ட்ஸ் கிற் என்னும் புதிய கருவியை எழுதத் தொடங்கினார். ஏப்பிரல் 7ஆம் நாள் கிற் தன் மூலநிரலைத் தானே காக்கும் நிலையை எய்தியது. 18ஆம் நாள் கிளைகளின் முதல் இணைப்பு நிகழ்ந்தது. யூன் மாதம் லினக்ஸ் 2.6.12 அதன் துணையோடு வெளிவந்தது. அதே ஏப்பிரலில் மற் மக்கோல் என்பவர் மேர்க்கியூரியல் என்னும் கருவியை அறிவித்தார். லினக்ஸின் புதிய களஞ்சியம் 2.6.12இன் முன்னோட்டப் பதிப்பொன்றிலிருந்தே தொடங்குகின்றது. முந்திய ஆண்டுகளின் வரலாற்றைத் தோர்வால்ட்ஸ் அதனுட் கொண்டுவரவில்லை. அதனைப் பிறர் தனியே தொகுத்தனர். வரலாறு காக்கும் கருவியொன்று வரலாற்றை விட்டுவிட்டுப் பிறந்தது என்பது சிறியதொரு முரண்நகை.

கிற்றின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு பதிவும் தன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட நாற்பது இலக்க அடையாளத்தைப் பெறும்; தனக்கு முந்திய பதிவின் அடையாளத்தையும் அது தன்னுள் கொண்டிருக்கும். அந்தாதிச் செய்யுளில் முந்தியதன் ஈறு பிந்தியதன் முதலாவது போல இவை தொடுக்கப்பட்டுள்ளமையால், இடையில் ஒன்றைத் திருத்தினால் அதன்பின் வருவன யாவும் அடையாளம் மாறும். கிளை என்பது இத்தொடரின் ஒரு பதிவைச் சுட்டும் பெயர் மட்டுமே; 41 எழுத்துகளில் அடங்கிவிடும் சிறு கோப்பு. இணைப்புப் பதிவுக்கு இரு பெற்றோர் உண்டு. ஆகவே எது எதனுடன் எப்பொழுது இணைந்தது என்பது வரலாற்றிலேயே எழுதப்பட்டுவிடுகின்றது, சி.வி.எஸ். காலத்து நினைவுக் குறைபாடு இதனால் நீங்கிற்று. இரு கிளைகள் ஒன்றையொன்று மாறிமாறி இணைத்திருப்பின் பொது மூதாதையர் இருவராவதுமுண்டு. அவ்வேளை கருவி அம்மூதாதையரையே முதலில் தம்முள் இணைத்து, பிறந்ததை ஒப்பீட்டுக்கு அடிப்படையாகக் கொள்ளும்.

2005 யூலையில் கிற்றின் பராமரிப்புப் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைக்கப்பட்டது. பல கிளைகளை ஒருங்கே நடத்துவதற்கு அவர் கைக்கொண்ட முறை தனியே ஆராயத்தக்கது. வெளியான பதிப்பின் பிழைதிருத்தங்களுக்கு ஒரு கிளை. அடுத்த வெளியீட்டிற்கு உறுதிசெய்யப்பட்டவற்றுக்கு ஓர் அடிமரம். பரீட்சிக்கப்படுவனவற்றுக்கு 'அடுத்தது' எனப் பொருள்படும் பெயருடைய கிளை. ஆராயப்படாத முன்மொழிவுகளுக்கு வேறொரு கிளை. ஒவ்வொரு கருத்தும் தனக்கெனச் சிறு கிளையைப் பெற்று, இவற்றினூடாக ஒன்றன்பின் ஒன்றாக முன்னேறும். பிழைதிருத்தம் ஒன்றை அது தேவைப்படும் மிகப் பழைய கிளையிலிருந்தே தொடங்கி, அங்கிருந்து மேல்நோக்கி இணைத்துச் செல்ல வேண்டும். புதியதிற் செய்து பழையதற்குப் பெயர்த்துக் கொண்டுசெல்லலாகாது. அவ்வாறு செய்யின் பழையதில் உள்ள அனைத்தும் புதியதிலும் இருக்கும் என்ற உறுதி கிடைக்கின்றது.

கிளைத்தல் இவ்வாறு செலவற்றதாயினமையால் அதிகாரம் மறைந்துவிட்டது எனக் கூறுவோர் உளர். இக்கூற்று மேலோட்டமானது. பூட்டின் காலத்தில் அதிகாரம் எழுதும் உரிமையில் இருந்தது. இப்பொழுது அது இணைக்கும் உரிமையில் இருக்கின்றது. யாரும் பிரியலாம், ஆயின் எவரது கிளையிலிருந்து ஏனையோர் எடுத்துக்கொள்கின்றனரோ அவரது கிளையே அடிமரம். 2008இற் தொடங்கிய கிற்ஹப் தளத்திற் பெருந்தொகையான களஞ்சியங்கள் குவிந்தன; 2018இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் அதனை 750 கோடி டொலர் பெறுமதிக்கு வாங்கியது. நடுவம் இன்றி இயங்குமாறு ஆக்கப்பட்ட கருவிக்கு இவ்வாறு ஒரு நடுவம் வாய்த்தது. பிற்கீப்பர் விவகாரத்துடன் இதனை முற்றிலும் ஒப்பிடுதல் பொருந்தாது. இன்று ஒவ்வொருவர் கையிலும் முழுப்பிரதி உண்டு. ஆனால் அப்பிரதியைச் சூழ நிகழ்ந்த விவாதங்களும் முறைப்பாடுகளும் தளத்திலேயே தங்கியுள்ளன.

வரலாற்று மாணவரின் கவனத்திற்குரிய சர்ச்சையொன்றும் உண்டு. கிளையை இணைப்பதற்குப் பதிலாக, அதன் பதிவுகளை அடிமரத்தின் இன்றைய நுனியிலிருந்து எழுதப்பட்டவைபோல மீளவும் எழுதும் முறை றீபேஸ் எனப்படும். இதனாற் கிடைப்பது நேர்கோடான, வாசிக்க இனிய வரலாறு. பிழையான முயற்சிகளும் தடுமாற்றங்களும் அதில் இரா. எது உண்மையான வரலாறு, நடந்ததா, நடந்திருக்க வேண்டியதா என்ற பழைய வினா இங்கும் எழுகின்றது. தூய்மையான வரிசை, பிழை எப்பதிவிற் புகுந்தது எனத் தேடுவோருக்கு உதவுமென ஒரு சாரார் வாதிடுவர். மீள எழுதப்பட்ட பதிவுகள் அந்நிலையில் ஒருபோதும் பரீட்சிக்கப்படாதவை என்பது மறுசாரார் கூற்று. லினக்ஸ் பராமரிப்போருக்கான வழிகாட்டல், பிறர் எடுத்துக்கொண்ட பதிவுகளை மாற்றலாகாது என வரையறுத்து, தன்வசமே இருப்பதைத் திருத்தி ஒழுங்குசெய்ய இடமளிக்கின்றது. அச்சேறும்வரை கையெழுத்துப்படியைத் திருத்தலாம் என்ற பதிப்புலக மரபுக்கு இது அண்மையது. ஏற்கத்தக்க நடுவழியும் இதுவே.

கிளைகளை எத்துணை பெருக்கலாம் என்பதில் இன்றும் உடன்பாடில்லை. ஒல்லாந்தரான வின்சென்ற் ட்றீசன் 2010 சனவரியில் வெளியிட்ட முறை, அடிமரம், வளர்ச்சிக் கிளை, வெளியீட்டுக் கிளை, அவசரத் திருத்தக் கிளை எனப் பலவற்றை வகுத்து எங்கும் பரவியது. 2020இல் அவரே அதற்கொரு முன்குறிப்பைச் சேர்த்து, இடையறாது வெளியிடப்படும் வலைச் செயலிகளுக்கு எளிய முறையே ஏற்றது என உரைத்தார். மறுமுனையில், கூகிள் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட கட்டுரையொன்றின்படி, 2015 சனவரியளவில் ஏறத்தாழ 100 கோடி கோப்புகளையும் 3.5 கோடி பதிவுகளையும் கொண்டிருந்த அவர்களது தனிக்களஞ்சியத்தில் வளர்ச்சி வேலை பெரிதும் அடிமரத்திலேயே நடைபெற்றது; கிளைகள் வெளியீட்டின்பொருட்டே அமைந்தன. முற்றுப்பெறாத மாற்றங்கள் கிளையில் ஒதுக்கப்படாது, செய்நிரலினுள்ளேயே அணைத்து வைக்கப்பட்ட நிலையிற் சேர்க்கப்பட்டன. கிளை இங்கு அழியவில்லை. மூலநிரலின் உள்ளே புகுந்துகொண்டது.

ஹமானோ தமது ஆராயப்படாத முன்மொழிவுகளுக்கான கிளையின் பெயரை 2020இல் மாற்றினார். முன்னர் அது 'முன்மொழியப்பட்டவை' என்பதன் சுருக்கமாக இருந்தது. புதிய பெயருக்குக் 'காணப்பட்டது' என்பது பொருள். பராமரிப்பாளர் கண்ணில் அது பட்டது என்பதற்கு மேல் அப்பெயர் எவ்வித உறுதியும் அளிப்பதில்லை.